கொய்யா விதைக்குப் பொய் தெரியாது

"பொண்டாட்டியே புருஷனுக்கு விஷம் வெக்கிறா. எப்படி வெக்கிறான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் பெரியவர், ஒரு கொய்யாப்பழத்தைக் கத்தியால் நாலாகப் பிளந்தபடி.

குற்றவாளி யார் என்று அவரே முடிவு செய்துவிட்டார். மிச்சம் மீதி இருந்தால் நாங்கள் பொறுக்கிக்கொள்ளலாம். தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சாட்சி தேடி வருகிற ஆட்களுக்கு மேடம் வழக்கமாக வாசலைக் காட்டிவிடுவார். இன்று என்னவோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தார். மேடம் அடக்கமாக இருந்தால் யாருக்கோ கேடுகாலம் என்று அர்த்தம்.

மேடம் என் முதலாளி. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்க் காயம், பொய்ச் சாவு எல்லாம் பிடித்துப் பிடித்துக் கண் பழகியவர். பிறகு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டார். நான் அவருடைய உதவியாளன். உயரமாகவும் சதைப்பற்று இல்லாமலும் பிறந்து தொலைத்த குற்றத்துக்காக என்னை 'ஒட்டடை' என்றுதான் கூப்பிடுவார். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களின் வாசலில் தவம் கிடந்தவன் நான். டாக்டர்கள் மேல் எனக்கிருந்த மரியாதை அங்கேயே செலவாகிவிட்டது.

வீடு, இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே கம்பி வெட்டுகிற சத்தம், மேலே பெரியவர் பேசுகிற சத்தம். சும்மா சொல்லக் கூடாது, கம்பி வெட்டுகிற சத்தம் எவ்வளவோ தேவலை. கூடத்தில் மெத்தை போட்ட நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் பெரியவர் நிறைந்து வழிந்தார். எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். சமையலறை வாசலில், கதவு நிலையைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். விஷம் வைக்கிறாள் என்று இத்தனை நேரம் சொன்னது அவளைத்தான். அவளுக்கு உட்கார எதுவும் இல்லை. யாரும் சொல்லவும் இல்லை.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் மேடம்.

பெரியவர் சொன்னார். கடை அவருக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி. தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய், போன வருஷம் வேறு கிட்னி பொருத்தினார்கள். நன்றாகத்தான் இருந்தான். இப்போது ஒரு மாதத்துக்கு மேலாக வயிற்றுப்போக்கு. நிற்கவே இல்லை. ஆள் பாதியாகிவிட்டான். மலத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் கிருமி இல்லை, பூச்சி இல்லை, சுத்தம். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால், பொருத்தின கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை இருக்கிறதே, அது தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. அந்த மருந்து அளவு மீறினால் அதுவே கிட்னியைத் தின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தின்னவும் ஆரம்பித்துவிட்டது.

"கிருமி இல்ல. ஆனா மருந்து மட்டும் ஏறுது. அப்ப என்ன அர்த்தம்? மாத்திரையை எடுத்துக் குடுக்கிறவ அள்ளி அள்ளிக் குடுக்கறான்னு அர்த்தம். அதனாலதான் வயித்தாலயும் போகுது. அவன் போயிட்டா பாதிக் கடை அவளுக்கு. நாளைக்குப் போலீஸுக்குப் போறேன். போறப்ப கையில ஏதாவது இருக்கணும், அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"ஒரு சின்ன சந்தேகம்" என்றேன் நான். "அந்தக் கிட்னி யார் குடுத்தது?"

பெரியவர் பழத்தைக் கடித்தார். பதில் வாசலிலிருந்து வந்தது.

"நான்தான் குடுத்தேன்" என்றாள் அந்தப் பெண்.

நான் பெரியவரைப் பார்த்தேன். மனிதர் அசரவில்லை.

"அதான் தம்பி சூட்சுமம். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னே குடுத்திருக்கா."

நானும் எத்தனையோ புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன். புருஷனைக் கொல்வதற்கு முதல் படியாகத் தன் வயிற்றை அறுத்துக்கொள்கிற திட்டத்தை இதுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை. வாய் வரைக்கும் ஒரு பதில் வந்தது. மேடம் என் காலை மிதித்தார்.

"வீட்டுத் தண்ணில ஏதாவது?" என்று கேட்டார் மேடம்.

"அதே தண்ணிதான் நானும் குடிக்கறேன். எனக்கு ஏதாவது ஆச்சா? காலைல எழுந்தா கடிகாரம் தோத்துடும். இந்த வயசுல என் மாதிரி வயிறு யாருக்கு இருக்கு சொல்லுங்க. எல்லாம் இந்தக் கொய்யாதான். மொட்டை மாடில தொட்டி வெச்சு வளக்கறேன். ஒரு பழத்தை விடாம மென்னு திம்பேன்."

"மேல டேங்க்கு மூடி உடைஞ்சு கெடந்தப்ப எல்லாருக்கும்தான் வயித்தால போச்சு, மாமா" என்றாள் வாசலில் நின்றவள், சத்தம் ஏற்றாமல். "எனக்குப் போச்சு, உங்களுக்கும் போச்சு. நமக்கு ரெண்டு நாள்ல நின்னுடுச்சு. அவருக்குத்தான் நிக்கல."

"எனக்கு வந்தது சூட்டு வயிறு. அது வேற" என்றார் பெரியவர். தன் வயிற்றின் மேல் விழுந்த களங்கத்தைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த துண்டைக் கடித்தார்.

மேடம் எழுந்துகொண்டார். "மாத்திரைப் பெட்டி இப்ப யார்கிட்ட இருக்கு?"

பெரியவர் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். "என்கிட்ட. விஷயம் தெரிஞ்ச அன்னைக்கே பிடுங்கிட்டேன். நான்தான் எண்ணிக் குடுக்கறேன். டாக்டர் சொன்னதுக்கு மேல ஒரு பொட்டு கூடப் போகாது."

"அதுக்கப்பறம் ரத்தம் பாத்தீங்களா?"

"நேத்து பாத்தோம். இன்னும் ஏறியிருக்கு. எப்படியோ கலந்துடறா, பாருங்களேன்."

தன் கையால் எண்ணிக் கொடுத்தும் மருந்து ஏறுகிறது என்றால் ஏறுவதற்கு வேறு காரணம் இருக்கும் என்று இந்த மகா மேதைக்கு உறைக்கவில்லை. மேடம் மட்டும் லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

நோயாளியின் அறை ஜன்னல் சாத்தியிருந்தது. டெட்டால் வாசனை, அதற்கு அடியில் வேறொரு வாசனை. கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி போட்ட பெட்பேன். படுத்திருந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், போர்வைக்கு வெளியே தெரிந்த கை எலும்பும் தோலுமாக இருந்தது. அந்தக் கையிலும் மோதிரத்தை நூல் சுற்றி இறுக்கி மாட்டியிருந்தார். ஆள் கரைந்தாலும் வீறாப்பு கரையவில்லை.

"எத்தனை தடவ போகுது? தண்ணியாவா?" என்று நேராகக் கேட்டார் மேடம்.

"அதையெல்லாம் நான் பொம்பளைங்ககிட்ட பேசறதில்ல."

"நான் வெளிய நிக்கறேன். இவன்கிட்ட பேசறீங்களா?"

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. "இவர்கிட்டயும் பேசறதில்ல."

"சரி. லேப்புக்கு சாம்பிள் குடுத்தீங்களே, அது எப்படிக் குடுத்தீங்க? நீங்களே எடுத்தீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு பல்லி கூட இல்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணன்தான் கொண்டு போனார். ரிசல்ட் வந்துடுச்சு. ஒண்ணுமில்ல. அதை எதுக்குத் திருப்பித் திருப்பிக் கேக்கறீங்க."

"உங்க மனைவி விஷம் வெக்கிறாங்கன்னு நீங்க நெனக்கிறீங்களா?"

அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருக்கு ஒரு கிட்னியைக் கொடுத்த பெண், அந்த நேரம் பார்த்துப் பெட்பேனை எடுத்துக்கொண்டு போனாள்.

பின்கட்டில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். கொடியில் வேட்டியும் விரிப்புமாகத் தொங்கின. மேடம் ஒரு ஈரத் துணியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"சாப்பாடு?"

"எல்லாம் வேக வெச்சுத்தான் மேடம். தண்ணி காய்ச்சித்தான். பச்சையா ஒரு பழம் கூட அந்த ரூம் வாசப்படியத் தாண்டினதில்ல. ஆப்பிளக் கூட வேக வெச்சுக் கூழாக்கித்தான் குடுக்கறேன். எதிர்ப்பு சக்திய மருந்தால குறைச்சு வெச்சிருக்காங்க, சின்னக் கிருமி போனாலும் ஆபத்துன்னு டாக்டர் சொன்னதுல இருந்து கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறேன்."

"சாம்பிளை நீங்க எடுத்துக் குடுத்திருக்கலாமே?"

"தினம் நான்தான மேடம் கழுவறேன். எடுத்துத் தரேன்னு சொன்னேன். அவருக்குக் கோவம் வந்துடுச்சு. மானம் போற விஷயமாம். ஒவ்வொரு தடவையும் டப்பாவை வாங்கி வெச்சுக்கிட்டு, நீ உள்ள போன்னுட்டார். மாமா காலைல எடுத்துட்டுப் போயிட்டார்." அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "போலீஸ் வந்தா வரட்டும். எனக்கு அந்தக் கவலை கூட ரெண்டாவதுதான். அந்தக் கிட்னி போயிடக் கூடாது மேடம். எங்கிட்ட இன்னொண்ணு இல்ல குடுக்கறதுக்கு."

மேடம் பிழிவதை நிறுத்தினார்.

"ஒட்டடை, கீழ மருந்துக் கடைல வெள்ளை மூடி டப்பா கிடைக்கும். ரெண்டு வாங்கிட்டு வா."

"எதுக்கு மேடம்? நம்ம ரெண்டு பேருக்குமா?"

"வாய மூடிட்டுப் போ."

போனேன். திரும்பி வந்து கொடுத்தேன். மேடமும் அந்தப் பெண்ணும் கதவுக்குப் பின்னால் ஏதோ பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு டப்பா காகிதப் பைக்குள் என் கைக்கு வந்தது. சாய்க்காமல் கொண்டு வரச் சொன்னார்கள். மருந்துக் கம்பெனியில் பேனாவும் காலண்டரும் சுமந்த கை இது. எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

லேப், ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இருந்தது. வெளியே நாலு பெஞ்சு, உள்ளே ஒரு மைக்ராஸ்கோப், அதன் முன்னால் லேப்காரம்மா. உலகமே தனக்கு மலம் கொண்டு வருகிறது என்கிற அலுப்பு அவர் முகத்தில் நிரந்தரமாகத் தங்கியிருந்தது. பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார்.

"இரும்புக் கடைக்காரரா. கடைக்கு நானே போவேனே, ஆணி வாங்க. அவர் அண்ணன்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, டப்பாவ ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, என்னவோ பந்தயத்துல ஜெயிச்ச கோப்பை மாதிரி கொண்டு வந்து வெப்பார். நான்தான் சொன்னேனே, ஒண்ணுமில்லன்னு."

மேடம் காகிதப் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். லேப்காரம்மா மூடியைத் திறந்து பார்த்தார். புருவம் ஏறியது.

"இது அவரோடதா? வெறும் தண்ணியா இருக்கே. முன்னால வந்ததெல்லாம் இப்படி இல்லையே."

"எப்படி இருந்துச்சு?" என்றார் மேடம்.

இந்த ஒரு கேள்வியைத்தான், இத்தனை நாளில், இத்தனை படித்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

"அம்சமா இருந்துச்சு" என்றார் லேப்காரம்மா, கொஞ்சம் பிரியத்தோடே. "நல்லா இறுகி, உருண்டையா. இங்க வர்றதுலயே அதுதான் ராஜா. விதைதான் நிறைய. கொய்யா விதை. ஸ்லைடு மேல கண்ணாடி வெக்கவே விடாது, கல்லு மாதிரி. ஒவ்வொரு தடவையும் அதைப் பொறுக்கிப் போட்டுட்டுத்தான் பாத்தேன்."

"வயித்தால தண்ணியாப் போறவருக்கு இறுகி எப்படி வரும்னு உங்களுக்குத் தோணலையா?"

"அவருக்கு வயித்தால போகுதுன்னு எனக்கு யார் சொன்னாங்க? டப்பா வருது, பாக்கறேன். சாதாரணமாப் பாருன்னு டாக்டர் எழுதினா சாதாரணமாத்தான் பாப்பேன்."

மேடம் சொல்லி அனுப்பியதும் கிட்னி டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கையில் போன், முகத்தில் 'என் நேரம் போகிறது' என்கிற பாவனை. நான் மருந்துப் பை தூக்கின காலத்தில் தினம் பார்த்த முகம்தான். மேடம் அவரிடம் டப்பாவைக் காட்டினார்.

"டாக்டர், எதிர்ப்பு சக்தி குறைஞ்ச ஒருத்தருக்கு இப்படித் தண்ணியாப் போனா நீங்க எதைத் தேடுவீங்க?"

டாக்டர் எட்டிப் பார்த்தார். போனைப் பையில் போட்டார். "சாதாரணமா ஸ்லைடு போட்டா கண்ணுக்குச் சிக்காத ஒரு ஒட்டுண்ணி இருக்கு. ரொம்பப் பொடிசு. அதுக்குன்னு தனிச் சாயம் போடணும், அப்பத்தான் சிவப்புப் புள்ளியாத் தெரியும். நம்ம மாதிரி ஆளுக்கு வந்தா கொஞ்ச நாள் படுத்திட்டுத் தானாப் போயிடும். எதிர்ப்பு சக்தி இல்லாதவங்க குடல்ல குடித்தனமே நடத்தும்."

"அந்தச் சாயம் போடச் சொல்லி நீங்க எழுதலையே?"

"ஒவ்வொரு தடவையும் ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. மருந்து அளவும் ஏறுச்சு. அவங்க அண்ணன் வேற, வீட்டுல சந்தேகம் இருக்குன்னு சொன்னார்..."

"இரும்புக் கடைக்காரர் சொன்னதும் நீங்க மருத்துவத்தை விட்டுட்டுத் துப்பறிய ஆரம்பிச்சுட்டீங்க. அந்த வேலைக்கு நாங்க இருக்கோமே டாக்டர்" என்றேன். இந்தத் தடவை மேடம் காலை மிதிக்கவில்லை.

"மாத்திரையை ஒழுங்கா எண்ணிக் குடுத்தும் ரத்தத்துல ஏறுமா?" என்று கேட்டார் மேடம்.

டாக்டரின் முகம் சிறுத்துப்போனது. "ஏறும். குடல் புண்ணாகி இப்படிப் போகும்போது, வழக்கமா உள்ள விடாத மருந்தையும் அது ரத்தத்துக்குள்ள விட்டுடும். அதே மாத்திரைதான், ஆனா ரெண்டு பங்கு போய்ச் சேந்த மாதிரி ஆயிடும்." ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து கழற்றினார். "இது எனக்குத் தெரியும்."

"தெரியும்னு தெரியுது" என்றார் மேடம். "சாயத்தைப் போடச் சொல்லுங்க. நாங்க பெஞ்சில உக்காந்திருக்கோம்."

உட்கார்ந்திருந்தோம். அன்று மாலை லேப்காரம்மா எட்டிப் பார்த்துக் கையசைத்தார். மேடம் கண்ணை வைத்துப் பார்த்தார், பிறகு நான். நீலப் பரப்பில் ஊசி முனையளவு சிவப்புப் புள்ளிகள், எங்கு பார்த்தாலும். ஒரு மனிதனைப் பாதியாகக் கரைத்து, ஒரு பெண்ணைக் கொலைகாரி ஆக்கின சாமான் அவ்வளவுதான் இருந்தது. டாக்டர் அங்கேயே நின்று புது மருந்து எழுதினார். கிட்னி மாத்திரையின் அளவையும் குறைத்து எழுதினார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கிட்னி கை விட்டுப் போயிருக்கும். இப்ப காப்பாத்திடலாம்னு நெனக்கிறேன். மருந்து முடிஞ்சதும் இன்னொரு சாம்பிள் வேணும். அவரோடது" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அழுத்திச் சொன்னார். இப்போது சொல்லி என்ன.

வெளியே வந்ததும் மேடம் சொன்னார்: "விதையப் பத்தி நான் பேசறேன். நீ மூச்சு விடாத."

கூடத்தில் பெரியவர் அதே நாற்காலியில், அதே கத்தியோடு, புதிய கொய்யாவோடு இருந்தார். வாசல் நிலையில் அவள். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது.

"கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சோம்" என்றார் மேடம். "நீங்க லேப்புல குடுத்த எல்லா சாம்பிள்லயும் கொய்யா விதை இருந்திருக்கு. உங்க தம்பிக்கு யாரோ பச்சைப் பழம் குடுக்கறாங்க."

பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. மெத்தை நாற்காலியே ஒரு தடவை குலுங்கியது. "நான் சொல்லல? அப்பவே சொன்னேனே. ஏம்மா, டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே பச்சையாக் குடுக்காதன்னு. மாத்திரை போதாதுன்னு இது வேறயா?"

"நான் குடுக்கல மாமா."

"பின்ன விதை எப்படிப் போச்சு? தானா நடந்து போச்சா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் மேடம், மிகவும் மரியாதையாக. "இந்த வீட்டுல கொய்யா எங்க இருக்கும்?"

"மாடில. என் மரம். மாடிச் சாவி என்கிட்ட. பறிக்கிறதும் நான், திங்கிறதும் நான். வேற யாரும் ஒரு பிஞ்சைக் கூடத் தொட்டதில்ல, தொட விட்டதும்..."

கத்தி பாதிப் பழத்தில் நின்றது. வாய் முன்னால் ஓடிவிட்டது, புத்தி இப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"நீங்க மட்டும்தான் திங்கறீங்க. விதை மட்டும் தம்பி பேரு எழுதின டப்பாவுல இருக்கு. ஒட்டடை, உனக்கு ஏதாவது புரியுதா?"

"எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர் தின்னா இன்னொருத்தருக்குப் போகாது மேடம்" என்றேன்.

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. கத்தியை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

"ஒரே வயித்துல பொறந்தவங்க நாங்க. ஒரே ரத்தம், ஒரே வீடு, ஒரே தண்ணி. யாரோடதா இருந்தா என்ன? அதுவும் நான் ஏதோ ஒண்ணைக் குடுத்துடல. நல்லதாப் பாத்துத்தான் குடுத்தேன்."

நான் சிரித்திருப்பேன். வாசலில் நின்றவளின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

"உங்க வயித்தச் சோதிச்சு, சுத்தம்னு சர்டிபிகேட் வாங்கியிருக்கீங்க" என்றார் மேடம். குரல் ஏறவில்லை. அதில் இருந்த இளக்காரம் கம்பியை வெட்டும். "அதைக் காட்டி இந்தப் பொண்ணைக் கொலைகாரின்னு சொல்லியிருக்கீங்க. கிருமி இல்லன்னு ஊரெல்லாம் சொல்றப்ப, அது யார் வயித்துல இல்லன்னு உங்களுக்கு மட்டும் தெரியும். இன்னைக்கு உங்க தம்பியோடதை நிஜமாவே சோதிச்சோம். உங்க வீட்டு டேங்க்குல இருந்து எல்லாருக்கும் வந்துச்சே, நீங்க சூடுன்னு சொன்னீங்களே, அதுவாத்தான் இருக்கணும். உங்களை விட்டுட்டுப் போயிடுச்சு, எதிர்ப்பு சக்தி இல்லாததால அவரை விடல. மருந்து ஏறினதும் அதாலதான். இவங்க ஒரு மாத்திரை கூடக் கூட்டிக் குடுக்கல. போலீஸுக்குப் போறேன்னீங்களே, நாளைக்கு எதுக்கு? ஒட்டடை இப்பவே போன் போட்டுத் தருவான்."

நான் போனை எடுத்து நீட்டினேன். அவர் அதை ஏதோ பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பெரிய மனிதர்கள் மாட்டிக்கொண்டால் முதலில் செய்வது, பக்கத்தில் இருப்பவனைப் பிடித்து முன்னால் தள்ளுவது. அவரும் அதைத்தான் செய்தார்.

"நானா போய்க் குடுக்கல. அவன்தான் கேட்டான். நீயே குடுத்துடு அண்ணேன்னான். வேணும்னா அவனையே கேளுங்க."

நாங்கள் எல்லோரும் திரும்பினோம். மேடமும்தான். இது மேடம் எதிர்பார்க்காதது என்று அவர் உதடு இறுகினதில் தெரிந்தது.

உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு தம்பிக்காரர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"அந்த லேப்காரி நம்ம கடைக்கு வர்றவ" என்றார், தரையைப் பார்த்து. "நாளைக்குக் கல்லாவுல உக்காந்தா அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது. அதுவும் அந்த மாதிரி, தண்ணியா... கேவலமா இருந்துச்சு. அண்ணன் கல்லு மாதிரி இருக்கார். யாரோடதோ ஒண்ணு போனாப் போதும்னு நெனச்சேன்."

அவர் மனைவி கதவு நிலையை விட்டு முதல் தடவையாகக் கூடத்துக்குள் வந்தாள்.

"மாமா என்னை விஷம் வெக்கிறவன்னு சொன்னப்ப நீங்க அந்தக் கட்டில்லதான படுத்திருந்தீங்க?"

அவர் கதவை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு."

"அந்த ரிசல்ட் உங்களுது இல்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"சொன்னா மானம் போயிடும்னு..."

"யார் மானம்?"

கீழே கம்பி வெட்டுகிற சத்தம் நின்றிருந்தது. கடை மூடுகிற நேரம் போலிருக்கிறது. எனக்கு அந்த ஆளை இழுத்து நாலு கேட்க வேண்டும் போல இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கத் தெரிந்தவன்தான் நான். ஆனால் அது என் வீடு இல்லை, நான் யாருக்கும் கிட்னி கொடுத்தவனும் இல்லை.

அவள் பெரியவரின் முன்னால் போய்க் கையை நீட்டினாள். "சாவி."

அவர் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். மேடத்திடம் டாக்டர் எழுதின சீட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்த இன்னொரு டப்பா எங்க?"

என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கொண்டுபோய், கதவைப் பிடித்திருந்த கையைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்தாள். மோதிரம் டப்பாவில் இடித்துச் சத்தம் வந்தது.

"மருந்து முடிஞ்சதும் டாக்டர் கேப்பார். இந்தத் தடவ நீங்களே எடுத்து, நீங்களே கொண்டு போய், அந்தம்மா கையில குடுக்கணும்" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "நான் வயித்தக் கிழிச்சு உள்ள இருக்கிறத எடுத்துக் குடுத்தேன். உங்களால வெளிய போறதக் கூடக் குடுக்க முடியல."

அவர் டப்பாவை மறைத்துக்கொள்ள விரல்களை மடக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை. அவள் நின்று பார்க்கவும் இல்லை. மெத்தை நாற்காலியின் பக்கம் நடந்தாள். பெரியவர் எழுந்து இடம் விட்டார்.